யார் சொன்னது?

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு அரசியலின் உள்விவகாரம் வாசகரிடம் வந்து சேர்ந்த இடம் பெட்டிக்கடை. அரசியல் இதழ்கள் வரும் நாளில், கடை வாசலில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் போஸ்டர் தொங்கும். அதிலிருக்கும் நாலு சொற்களைப் படித்துவிட்டு, சைக்கிளை ஸ்டாண்டு போடாமலே காசை நீட்டி வாங்கிப் போகிறவர்கள் இருந்தார்கள். 1970-ல் தொடங்கிய துக்ளக், 1983-ல் வந்த ஜூனியர் விகடன், 1988-ல் வந்த நக்கீரன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டம் உண்டு. வாங்கியவர் முதலில் புரட்டுவது தலையங்கத்தை இல்லை. ஜூனியர் விகடன் என்றால் மிஸ்டர் கழுகு. நக்கீரன் என்றால் ராங்கால். அங்கேதான் கோட்டைக்குள் யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை, எந்த அமைச்சரின் நாற்காலி ஆடுகிறது, எந்த மாவட்டச் செயலாளர் டெல்லிக்கு ரகசியமாகப் போய்வந்தார் என்பதெல்லாம் இருக்கும். பெயர் இருக்காது. ‘தென்மாவட்ட அமைச்சர் ஒருவர்’ என்றிருக்கும். அந்த ஒருவர் யார் என்பதை டீக்கடை பெஞ்சு சாயங்காலத்துக்குள் தீர்மானித்துவிடும்.

அப்படிப்பட்ட இதழ் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். இப்போது இணையத்தில் மட்டும் வரும் சிறிய செய்தித் தளம் ஒன்றில் இருக்கிறேன். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவன் என்பதால், அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் எது மாறியது, எது மாறவே இல்லை என்று எழுதிவைக்க நினைக்கிறேன். இந்தத் தொழிலை நான் நேசிக்கிறேன். அது கெட்டுப்போவதையும் பார்க்கிறேன், தப்பித்து எழுவதையும் பார்க்கிறேன்.

அன்றைக்கு நிருபரின் வட்டம் சின்னது. காலையில் கோட்டை, மதியம் எம்.எல்.ஏ. விடுதி, சாயங்காலம் சேப்பாக்கம். நடுவில் அறிவாலயம், லாயிட்ஸ் சாலை, சத்தியமூர்த்தி பவன், கமலாலயம் என்று கட்சி அலுவலகங்கள். அமைச்சர்களிடம் பேசி விஷயம் வாங்குவது கடினம். அவர்கள் பேசினால் அது அறிக்கையாக இருக்கும். விஷயம் இருந்தது டிரைவர்களிடமும் பி.ஏ.க்களிடமும் டைப் அடிப்பவர்களிடமும்தான். நள்ளிரவில் கார் யார் வீட்டு வாசலில் எத்தனை நேரம் நின்றது என்று டிரைவருக்குத் தெரியும். அதிகாரிகள் மாறுதல் பட்டியல், கையெழுத்தாகும் முன்பே அதை அடித்தவருக்குத் தெரியும். அவர்களோடு டீ குடிக்க வேண்டும். பிள்ளையின் காலேஜ் சீட் கவலையைக் கேட்க வேண்டும். கேட்டதில் ஒன்றைக்கூட அவர்கள் வாயிலிருந்து வந்ததாகத் தெரியாமல் எழுத வேண்டும். வெளியூர் நிருபர்கள் கட்டுரையையும் ஃபிலிம் ரோலையும் ஒரே கவரில் போட்டு ராத்திரி பஸ்ஸில் கொடுத்தனுப்புவார்கள். விடிகாலையில் ஒருவர் போய் டிரைவரிடம் வாங்கி வருவார்.

அந்தக் கவரிலிருந்து அச்சுக்குப் போகும் வழியில் ஒரு மேசை இருந்தது. எங்கள் ஆசிரியர் காகிதத்தைக் கையில் வாங்குமுன் கேட்பார்: “யார் சொன்னது?” பதில் சொன்னதும் அடுத்தது: “அவன் எந்தக் கோஷ்டி? இது வெளியே வந்தா அவனுக்கு என்ன லாபம்?” அதற்கும் பதில் இருந்தால் மூன்றாவது: “சரி, இன்னொருத்தர் யாரு?” இந்த மூன்று கேள்வியைத் தாண்டாமல் எதுவும் கடைசி ஃபாரத்துக்குப் போகாது. பிழை திருத்துகிறவர், வக்கீலுக்குப் படித்துக் காட்டுகிறவர் எல்லோருமே அந்த மூன்று கேள்வியைத்தான் வேறு வேறு விதமாகக் கேட்டார்கள்.

ஒரு முறை, குறிப்பிட்ட அமைச்சரை நீக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. ஊர் முழுக்க அதே பேச்சு. சொன்னவர் அந்த அமைச்சருக்கு எதிர்க்கோஷ்டி. “அவரு ஆசைப்படறதை நீ செய்தின்னு கொண்டு வந்திருக்கே. அமைச்சர் ஆபீஸ்ல என்ன நடக்குதுன்னு பாத்துட்டு வாப்பா” என்றார் ஆசிரியர். போனேன். வாசலில் கூட்டம் குறையவில்லை, சைரன் கார் நிற்கிறது, எல்லாம் வழக்கம்போல. பிரிவில் இருந்த ஒருவர்தான், இங்கிருந்து மேலே போன ஃபைல்கள் சில நாளாகத் திரும்பி வரவில்லை என்றார். இன்னொரு பிரிவில் கேட்டதும் அதே பதில். நாங்கள் எழுதியது அவ்வளவுதான்: ஃபைல்கள் போகின்றன, திரும்பவில்லை. நீக்கம் என்ற வார்த்தையே கட்டுரையில் இல்லை. அமைச்சர் அப்போது நீக்கப்படவும் இல்லை. நாங்கள் எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. வாசகருக்கும், மேலிடத்துக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ சரியில்லை என்ற உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது. கிசுகிசுவாக வந்ததைச் செய்தியாக்கியது, பிரிவு பிரிவாக ஏறி இறங்கிய அந்தச் சாயங்காலம்தான்.

அந்தச் சாயங்காலத்துக்குச் சம்பளம் கொடுத்தது யார்? பெட்டிக்கடையில் காசு நீட்டிய வாசகர். இந்த அரசியல் இதழ்களுக்கு விளம்பரம் குறைவு. அரசு விளம்பரம் அவ்வப்போது நின்றுபோகும். பிரதி விற்றால்தான் அடுத்த இதழுக்குக் காகிதம். அதனாலேயே அவற்றால் ஆளுங்கட்சியை எதிர்த்து எழுத முடிந்தது. பரபரப்புக்காகச் சில நேரம் வரம்பு தாண்டியதும் அதே காரணத்தால்தான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுதியதற்கு விலையும் இருந்தது. 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு ஜோக். எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்று கேட்டு, ஒருவரைப் பிக்பாக்கெட்டோடும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரனோடும் ஒப்பிட்டிருந்தது. சட்டமன்ற உரிமை மீறல் என்று சொல்லி, அப்போதைய சபாநாயகர் பி.எச். பாண்டியன், ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு 3 மாதக் கடுங்காவல் தண்டனை அறிவித்தார். நாடெங்கும் எழுந்த எதிர்ப்பில் சில நாளிலேயே அவர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அவர் அதோடு விடவில்லை, வழக்கு நடத்தினார். 1994-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கைது தவறு என்று சொல்லி, 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னது.

அதே 1994-ல் இன்னொரு தீர்ப்பு. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் எழுதிய வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிட முயன்றது. அதில் அதிகாரிகள் சிலரைப் பற்றி இருந்ததால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. ஆசிரியர் கோபால் உச்ச நீதிமன்றம் போனார். அக்டோபர் 7 அன்று வந்த தீர்ப்பு சொன்ன விஷயம் எளிமையானது: வெளிவரும் முன்பே ஒன்றைத் தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ அதிகாரம் இல்லை; அவதூறு என்று நினைத்தால் வெளிவந்த பிறகு வழக்குப் போடலாம். இந்திய இதழியல் மாணவர்கள் இன்றும் படிக்கிற தீர்ப்பு அது. சென்னையிலிருந்து வந்த, பலர் ‘மஞ்சள்’ என்று முகம் சுளித்த ஓர் அரசியல் இதழ் வாங்கிக் கொடுத்த உரிமை.

அந்த உரிமையோடுதான் நாங்கள் இணையத்துக்குள் நுழைந்தோம்.

நுழைந்த விதத்தையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் கடைசியில் பிரவுசிங் சென்டர் என்றால் மரத் தடுப்பு, திரை போட்ட சின்னச் சின்ன அறை, மணிக்கு இவ்வளவு என்று எழுதிய அட்டை. தமிழ்ப் பத்திரிகையின் தளத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாக, கொக்கி கொக்கியாக ஏதோ வரும். அந்தப் பத்திரிகையின் ஃபான்ட்டை முதலில் இறக்க வேண்டும். அடுத்த பத்திரிகைக்கு வேறு ஃபான்ட். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொதுத் தரம் வகுத்தது. ஆனாலும் யூனிகோடு பரவி, எந்தத் தளமும் எந்தக் கருவியிலும் தெரிகிற நிலை வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. யூனிகோடு வந்த பிறகுதான் தனி ஆள், அச்சகமும் ஏஜென்ட்டும் இல்லாமல், தமிழில் அரசியல் எழுதி உலகம் முழுக்கக் கொண்டுபோக முடிந்தது. சவுக்கு போன்ற தளங்கள், வினவு போன்ற இயக்கம் சார்ந்த தளங்கள், பின்னால் மின்னம்பலம் போல மொபைலுக்கென்றே வந்தவை எல்லாம் இந்தக் கதவு வழியாக வந்தவை. மின்னம்பலத்தின் ‘டிஜிட்டல் திண்ணை’யைப் படிக்கும்போது மிஸ்டர் கழுகின் பேரப்பிள்ளையைப் பார்ப்பதுபோல எனக்கு இருக்கும்.

ஆனால் இணையம் எதைச் செய்யவல்லது என்று எங்கள் அலுவலகத்துக்கு முதலில் காட்டியது தெஹல்கா. 2001 மார்ச் 13. அச்சில் வராத, இணையத்தில் மட்டும் இருந்த ஒரு தளம் அது. இல்லாத ஆயுதக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட்டுகளாக அதன் நிருபர்கள் நடித்து, ரகசியக் கேமராவில் எடுத்த காட்சிகளை வெளியிட்டார்கள். ஆளும் பா.ஜ.க.வின் தேசியத் தலைவர் பங்காரு லட்சுமணன் ஒரு லட்ச ரூபாயை வாங்கி மேசைக்குள் வைப்பது அதில் இருந்தது. அவர் பதவி விலகினார். இரண்டு நாளில் பாதுகாப்பு அமைச்சர் ஜார்ஜ் பெர்னாண்டஸும் விலகினார். எங்கள் ஆசிரியர் டி.வி.யைப் பார்த்தபடி, “இனிமே ‘விவரமறிந்த வட்டாரம்’னு எழுதினா எவனும் நம்ப மாட்டான்பா. காட்டுன்னு கேப்பான்” என்றார்.

அடுத்து நடந்தது அதைவிட முக்கியமான பாடம். தெஹல்காவில் முதலீடு செய்த நிறுவனத்தை அரசு அமைப்புகள் துருவின. பணம் வரத்து நின்றது. ஊழியர்கள் கலைந்தார்கள். ஒரு அரசையே ஆட்டிப் பார்த்த தளம் கைவிரல் விட்டு எண்ணும் ஆட்களோடு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. 2004-ல் வாசகர்களிடம் முன்கூட்டியே சந்தா திரட்டி அச்சுப் பத்திரிகையாக அது மீண்டது. அதன் பிற்காலம் வேறு கதை. செய்தியை மறுக்க முடியாவிட்டால் அதற்கு வரும் பணத்தை அறுத்துவிடலாம் என்று அதிகாரம் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. மலேசியாவில் பத்திரிகை நடத்த ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அரசுக்குப் பிடிக்காததை எழுதினால் உரிமம் போகும். ஆனால் வெளிநாட்டுத் தொழில்நுட்ப நிறுவனங்களை ஈர்ப்பதற்காக, இணையத்தைத் தணிக்கை செய்ய மாட்டோம் என்று மகாதீர் அரசு வாக்குக் கொடுத்திருந்தது. அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டு ஸ்டீவன் கான், பிரேமேஷ் சந்திரன் என்ற இரு பத்திரிகையாளர்கள் 1999 நவம்பரில் மலேசியாகினியைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் வாசகரிடம் சந்தா கேட்டார்கள். 2021 பிப்ரவரியில், தளத்தில் வாசகர்கள் எழுதிய கருத்துகள் நீதிமன்ற அவமதிப்பு என்று சொல்லி அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது. தளத்தை மூட வைக்கக்கூடிய தொகை. சில மணி நேரத்தில் வாசகர்களே அதைக் கொட்டிக் கொடுத்துவிட்டார்கள். தெஹல்காவுக்கு முதலீட்டாளர் இருந்தார், அவரை மிரட்ட முடிந்தது. மலேசியாகினிக்கு ஆயிரக்கணக்கில் வாசகர்கள் இருந்தார்கள். அத்தனை பேர் வீட்டுக்கும் ரெய்டு அனுப்ப முடியாது.

தமிழ்நாட்டுக்கு வருகிறேன். இங்கே திருப்பம் 2016 செப்டம்பர். அந்த மாதம் 5-ம் தேதி ஜியோ வந்தது. அதுவரை அளந்து அளந்து செலவழித்த டேட்டா இலவசமானது. 22-ம் தேதி இரவு முதல்வர் ஜெயலலிதா அப்பல்லோவில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. அதன் பிறகு 75 நாள். ஒரு புகைப்படம் வரவில்லை. பார்க்கப் போனவர்கள் டாக்டரிடம் விசாரித்துவிட்டுத் திரும்பினார்கள். மாநிலத்தின் முதல்வர் எப்படி இருக்கிறார் என்ற கேள்விக்கு மருத்துவமனை அறிக்கை தவிர வேறு பதில் இல்லை. கோட்டையில் எங்களுக்குப் பழக்கமான டிரைவருக்கும் தெரியவில்லை, பி.ஏ.வுக்கும் தெரியவில்லை. அந்த வெற்றிடத்துக்குள் ஒவ்வொருவர் கைபேசியிலிருந்தும் வதந்தி பாய்ந்தது. காவல்துறை வழக்குப் போட்டது, சிலரைக் கைது செய்தது, வதந்தி நிற்கவில்லை. டிசம்பர் 5 சாயங்காலம் பெரிய தொலைக்காட்சிகள் சிலவே முந்திக்கொண்டு மரணச் செய்தி போட்டன. கட்சி அலுவலகத்தில் கொடி அரைக் கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் மறுபடி ஏறியது. இரவு 11.30-க்கு அவர் இறந்தார் என்ற அறிவிப்பு நள்ளிரவு தாண்டி வந்தது.

வதந்தியைப் பரப்பியவர்கள் மேல் எல்லோரும் பழி போட்டார்கள். முக்கால்வாசிப் பழி, உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில் கதவைச் சாத்தியவர்கள் மேல் விழுந்திருக்க வேண்டும். அரசு வாயை மூடினால் ஊர் வாய் திறக்கும். இது அன்றும் அப்படித்தான். அன்று ஊர் வாய் டீக்கடையோடு நின்றது. 2016-ல் அது ஒவ்வொரு கையிலும் ஒளிபரப்பு நிலையமானது.

அந்த ஒளிபரப்பு நிலையங்கள் இன்று யூடியூப் சேனல்களாக நிற்கின்றன. இரண்டு நாற்காலி, பின்னால் ஒரு பேனர், நடுவில் மைக். முன்னாள் நிருபர், முன்னாள் கட்சிக்காரர், முன்னாள் அதிகாரி என யாரோ ஒருவர் உட்கார்ந்து ‘உள்ளே என்ன நடந்தது தெரியுமா’ என்று ஆரம்பிக்கிறார். தம்ப்நெயிலில் சிவப்பு அம்புக்குறி, வாயைப் பிளந்த முகம், நெருப்பு. அன்று ‘தென்மாவட்ட அமைச்சர் ஒருவர்’ என்று மறைத்த இடத்தில் இன்று பெயர், வீட்டு முகவரி, படுக்கையறை வரைக்கும் போகிறார்கள். அதிலும் பெண் என்றால் கேட்கவே வேண்டாம். பெண் அரசியல்வாதி, பெண் நிருபர், பெண் போலீஸ் அதிகாரி என யாரும் தப்புவதில்லை. இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. 1944-ல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை அச்சடித்தும், அச்சடிக்காமல் இருக்கக் காசு வாங்கியும் நடத்திய தொழிலுக்கு எண்பது வருஷம் கழித்து நல்ல கேமரா கிடைத்திருக்கிறது. அவர் கொலையும், அதில் தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறை போய் லண்டன் பிரிவி கவுன்சில் வரை நடந்த வழக்கும் ஊரறிந்தவை. அந்தரங்கத்தை விற்கும் தொழில் எத்தனை வாழ்க்கையைக் கெடுக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இதில் பணம் வரும் வழியைக் கவனிக்க வேண்டும். பார்வை கூடினால் விளம்பரக் காசு. சரிபார்த்த வீடியோவுக்கும் சரிபார்க்காத வீடியோவுக்கும் ஒரே ரேட். சரிபார்க்கப் போனால் ஒரு நாள் ஆகும். அதற்குள் பேச்சு ஆறிவிடும். ஆக, அந்த மூன்று கேள்வியைக் கேட்பவருக்கு நஷ்டம், கேட்காதவருக்கு லாபம். இப்படி ஓர் ஏற்பாட்டில் பொய் ஜெயிப்பதற்கு யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை.

அண்மையில் எங்கள் அலுவலகத்தில் ஓர் இரவு. பெரிய கட்சி ஒன்றின் முக்கியப் பொறுப்பிலிருந்து ஒருவரை எடுத்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் கட்சி லெட்டர்பேடின் படம் வந்தது. சுவரில் இருக்கும் திரையில், எங்கள் தளத்தில் இந்த நிமிடம் எத்தனை பேர் என்ற எண் ஓடிக்கொண்டே இருக்கும். பணியிலிருந்த இளம் நிருபர் அதைப் பார்த்தபடி, “சார், எல்லாரும் போட்டுட்டாங்க. நாம மட்டும்தான் போடலை” என்றார். “லெட்டர்பேடை நல்லாப் பெரிசாக்கிப் பாரும்மா” என்றேன். பெரிதாக்கினார். தேதி ஒரு எழுத்துருவில், கீழே இருக்கும் வாசகம் வேறு எழுத்துருவில். கையெழுத்து மட்டும் பழைய கடிதத்திலிருந்து வெட்டி ஒட்டியதுபோல் மங்கலான கட்டத்துக்குள் இருந்தது. தலைமை அலுவலகத்தில் கடிதம் அனுப்பும் பிரிவுக்கு அவரே போன் போட்டார். பிறகு அந்தப் பொறுப்பாளரின் மாவட்டத்துக்கு. இரண்டு பக்கமும் இல்லை என்றார்கள். விடிவதற்குள் கட்சியே மறுப்பு வெளியிட்டது. போட்ட சேனல்களில் சில, வீடியோவைச் சத்தமில்லாமல் நீக்கின. சில அப்படியே விட்டு, ‘மறுப்பின் பின்னணி’ என்று இன்னொன்று போட்டன. எங்கள் திரையில் அன்றிரவு எண் ஏறவே இல்லை. அந்தப் பெண் எந்த ஆசிரியரின் மேசைக்கு முன்னாலும் நின்றவரில்லை. அந்த மூன்று கேள்வியும் அவரிடம் இருந்தது. இந்தத் தொழில் பிழைக்கும் என்று நான் நம்புவது இவர்களை வைத்துத்தான்.

இணையம் எங்களுக்குக் கொடுத்ததையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அன்று ‘ஆவணம் நம்மிடம் உள்ளது’ என்று எழுதி, தபால்தலை அளவில் அதன் படத்தைப் போடுவோம். வாசகர் எங்களை நம்பித்தான் ஆக வேண்டும். இன்று அரசாணை முழுசாக, டெண்டர் பக்கம் பக்கமாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் அப்படியே தளத்தில் ஏறுகிறது. வாசகர் தானே படித்து எங்களோடு சண்டை போடலாம். பக்கம் இல்லை என்று வெட்டிப்போட்ட ஊர்க்கோடிச் செய்திகள், இரட்டைக் குவளையும் சுடுகாட்டுப் பாதையும், இன்று முழு நீளத்துக்கு வருகின்றன. பெரிய பத்திரிகைகள் தொடத் தயங்கும் இடத்தில் கை வைப்பவர்கள் சிறிய தளக்காரர்கள்தான்.

தேர்தல் பத்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதற்கான அந்தத் திட்டம் 2018-ல் வந்தபோது, பத்திரத்தில் வாங்கியவர் அடையாளம் எதுவும் இருக்காது என்றது அரசு. தி குவிண்ட் தளத்தின் நிருபர் பூனம் அகர்வால், ஸ்டேட் வங்கிக்குப் போய் ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இரண்டை வாங்கினார். அதைத் தடயவியல் ஆய்வகத்துக்குக் கொடுத்தார். புற ஊதா விளக்கில் பிடித்தபோது, வெறும் கண்ணுக்குத் தெரியாத எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு ஓரத்தில் தெரிந்தது. பாதுகாப்பு அம்சம் மட்டுமே என்றது நிதி அமைச்சகம். 2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தையே ரத்து செய்தது. மார்ச்சில் வங்கி வேறு வழியில்லாமல் பட்டியல்களையும், அதே குறியீட்டு எண்களையும் கொடுத்தது. எந்தக் கம்பெனியின் பத்திரம் எந்தக் கட்சிக்குப் போனது என்று கோத்துப் பார்க்க முடிந்தது அந்த எண்ணை வைத்துத்தான். நியூஸ்லாண்ட்ரி, ஸ்க்ரோல், தி நியூஸ் மினிட் ஆகிய மூன்று தளங்களும் தனி நிருபர்களும் கைகோத்து அந்தக் குவியலைத் துருவினார்கள். அதிகமாக வாங்கிய நிறுவனம் நம் கோயம்புத்தூர் லாட்டரித் தொழிலோடு தொடர்புடைய ஃப்யூச்சர் கேமிங், 1,368 கோடி ரூபாய். அதில் 509 கோடி தி.மு.க.வுக்கு வந்தது அந்தக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குக் கொடுத்த கணக்கிலேயே இருந்தது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரம் இரண்டும், ஒரு ஆய்வகக் கட்டணமும், ‘இது உண்மைதானா’ என்ற பிடிவாதமும். செலவு அவ்வளவுதான் என்றாலும், அந்தச் செலவைச் செய்ய ஓர் அலுவலகம் தயாராக இருக்க வேண்டியிருந்தது.

இத்தகைய அலுவலகங்களின் கழுத்தைப் பிடிக்கும் கை இப்போது வேறு இடத்திலிருந்து வருகிறது. 2025 பிப்ரவரியில், அமெரிக்காவிலிருந்து இந்தியர்களை விலங்கு மாட்டித் திருப்பி அனுப்பிய நேரம். ட்ரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி விலங்கோடு உட்கார்ந்திருப்பதாக விகடனின் இணைய இதழான விகடன் ப்ளஸ் ஒரு கார்ட்டூன் போட்டது. 15-ம் தேதி இரவு விகடன் தளமே திறக்கவில்லை. ஒரு கார்ட்டூன் இருந்த பக்கம் மட்டுமல்ல, தளம் முழுவதும். முடங்கிய பிறகுதான் நோட்டீஸ் வந்ததாக விகடன் சொன்னது. மார்ச் 6-ம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கார்ட்டூனைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்று உத்தரவிட்ட பிறகே அது திறந்தது.

அதே நிறுவனம், 38 வருஷ இடைவெளி, இரண்டு கார்ட்டூன். 1987-ல் ஆசிரியர் சிறைக்குப் போனார்; இதழ் மக்கள் கையில் இருந்தது. 2025-ல் யாரும் சிறைக்குப் போகவில்லை. இதழ் யார் கையிலும் இல்லை. 1987-ல் ஒடுக்குமுறை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்ததால் நாடே கொதித்தது. 2025-ல் வாசகருக்குத் தெரிந்தது, தளம் திறக்கவில்லை என்பது மட்டும். நெட்வொர்க் பிரச்சினை என்று நினைத்துப் பலர் போனை மூடியிருப்பார்கள். சமூக ஊடகத்தில் எழுதியதற்காகக் கைது செய்ய வழிவிட்ட, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015-ல் ரத்து செய்த அதே தீர்ப்பு, தளங்களை முடக்கும் 69ஏ பிரிவை அப்படியே விட்டுவைத்தது. தேசப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக என்று இருக்கும் அந்தப் பிரிவு, கேலிச் சித்திரத்தின் மேலும் பாய முடிகிறது. வெளிவரும் முன்பே தடுக்கக் கூடாது என்று 1994-ல் அச்சுக்கு வாங்கிய உரிமை இணையத்துக்கு வந்ததும் தலைகீழாகிவிட்டது: முதலில் முடக்கு, பிறகு விசாரி.

இதை ஏற்க முடியாது. யூடியூபில் பொய் சொல்கிறவர்களைக் காட்டித்தான் ஒவ்வொரு புதுக் கட்டுப்பாடும் வருகிறது. ஆனால் கட்டுப்பாடு முதலில் தொடுவது பொய் சொன்னவரை இல்லை, கேலி செய்தவரையும் கணக்குக் கேட்டவரையும்தான். அவதூறுக்குச் சட்டம் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. அந்தரங்கத்தை விற்பவரை அங்கே நிறுத்துங்கள். தண்டனை வாங்கிக் கொடுங்கள். நாளைய செய்தியை இன்றைக்கே அணைக்கும் பொத்தானை எந்த அரசின் கையிலும் கொடுக்காதீர்கள். டெல்லியில் இருப்பவர்கள் கையிலும் கூடாது, சென்னையில் இருப்பவர்கள் கையிலும் கூடாது. 2011 முதல் 2016 வரை 200-க்கும் மேல் அவதூறு வழக்குப் போட்ட மாநிலம் நம்முடையது என்பதை மறக்க வேண்டாம்.

வாசகர்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. வதந்தி இலவசமாகத்தான் வரும். அதை உருவாக்கச் செலவில்லை. சரிபார்ப்புக்குச் சம்பளம், பஸ் கட்டணம், வக்கீல் ஃபீஸ், ஆய்வகக் கட்டணம் எல்லாம் உண்டு. அன்று அந்தச் செலவை நீங்கள்தான் பெட்டிக்கடையில் கொடுத்தீர்கள், கொடுக்கிறோம் என்று தெரியாமலே. இன்று தெரிந்து கொடுக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்த கட்சியையும் தயங்காமல் கேள்வி கேட்கும் தளம் ஒன்றைத் தேடிக் கண்டுபிடியுங்கள். மாதம் ஒரு சினிமா டிக்கெட் காசை அதற்குச் சந்தாவாகக் கட்டுங்கள். அந்தத் தளத்தில் ஏதாவது நம்ப முடியாததாக வந்தால் எழுதிக் கேளுங்கள்: யார் சொன்னது, அவருக்கு என்ன லாபம், இன்னொருவர் யார்? பதில் சொல்ல முடியாத தளத்துக்கு அடுத்த மாதம் காசு கட்டாதீர்கள். எங்களை நிமிர்ந்து நிற்க வைப்பதும் ஒழுங்காக நடக்க வைப்பதும் அந்தச் சந்தாதான்.